பெபோ வீட்டுத் திராட்சைப் பந்தல்: ஜார்ஜியாவில் எட்டு நாட்கள்

முதல் நாள், திபிலிசி

ஷார்ஜாவில் ஏறி மூன்றரை மணி நேரத்தில் திபிலிசியில் இறங்கிவிட்டேன். அமீரகத்துக் குடியிருப்பு விசா கையில் இருந்தால் இங்கே தனியாக விசா எடுக்க வேண்டாம். அதனால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே வந்து பனிமலையில் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். நான் செப்டம்பர் கடைசியில் வந்ததற்குக் காரணம் வேறு. இங்கே இது திராட்சை அறுப்புக் காலம். ர்த்வேலி என்கிறார்கள்.

என் ஊர் கம்பத்துக்குப் பக்கம். பன்னீர் திராட்சைத் தோட்டம் எங்களுக்கு. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய் மூன்று வருஷமாக அண்ணன் பார்க்கிறான். ஜார்ஜியாவில் 8,000 ஆண்டுப் பழைய பானைச் சில்லுகளில் ஒயின் படிவு கண்டுபிடித்த ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். "எட்டாயிரம் வருஷமா? அப்ப நம்ம கொடிக்கெல்லாம் பாட்டி அங்கதான் இருக்காம்மா" என்றார். அன்றிலிருந்தே இந்த ஊர் மனதில் இருந்தது.

டாக்ஸிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டூடண்ட்? மெடிசின்?" இங்கே ஆயிரக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள். அதனால் நம் நிறத்தில் யாரைப் பார்த்தாலும் டாக்டருக்குப் படிக்க வந்தவர் என்றே நினைக்கிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. இல்லை என்றதும் அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

தங்கும் இடத்துக்குக் கீழே, தெருவிலிருந்து நாலு படி இறங்கினால் ஒரு ரொட்டிக் கடை. தோனே என்று பெரிய மண் அடுப்பு. ரொட்டி சுடும் அம்மா இடுப்புவரை அடுப்புக்குள் குனிந்து, மாவை உள்சுவரில் அறைந்து ஒட்டுகிறார். அந்தக் குனிவைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு பதறியது. படகு மாதிரி நீண்ட ரொட்டி, இரண்டு முனையும் கூர்மையாக. கடைப் பலகையில் இருந்ததை எப்படிப் படிப்பது என்று கையைக் காட்டிக் கேட்டேன். "பூரி" என்றார். இங்கே ரொட்டிக்குப் பெயரே பூரிதான். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது, இன்றைய நாளுக்கு.

இரண்டாம் நாள், திபிலிசி

ஊரைச் சுற்றினேன். கந்தக வெந்நீர் ஊற்றுக் குளியல் வீடுகள், மர முகப்பு வைத்த பழைய வீடுகள், நடுவே ஓடும் ம்த்க்வாரி ஆறு. திபிலி என்றால் வெதுவெதுப்பு. வெந்நீர் ஊற்றால் வந்த பெயர். அழகான ஊர், சந்தேகமே இல்லை. இதையெல்லாம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் இன்று ரொட்டிக் கடைக்கு மூன்று முறை போனேன். புது ஊரில் பத்துக் கடை ஏறாமல் ஒரே கடைக்குப் பத்துத் தடவை போவது என் பழக்கம். முதல் தடவை நாம் வாடிக்கை. இரண்டாம் தடவை "நேத்து வந்த பிள்ளை". மூன்றாம் தடவை போனபோது அந்த அம்மா ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

உட்கார்ந்தேன். பலகையில் சிந்திக் கிடந்த மாவில் விரலால் எழுதிக் காட்டத் தொடங்கினார். ஜார்ஜிய எழுத்துகள் 33. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. எல்லாம் வளைவும் சுழியுமாக இருப்பதால் நம் கண்ணுக்கு அன்னியமாகத் தெரிவதில்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் கன்னடமோ மலையாளமோ என்று தோன்றும். அவர் ஒன்று எழுத, நான் அதன் பக்கத்தில் அதையே எழுத, அவர் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்ததை எழுத, இப்படி ஏழு எழுத்து. கடைசியில் என் பெயரை மாவில் எழுதினார். அதை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்து வந்த வாடிக்கையாளருக்குப் பலகையின் மறு ஓரத்தில் வைத்து ரொட்டி கொடுத்தார்.

வணக்கத்துக்கு இங்கே கமர்ஜோபா. வெற்றி என்பதிலிருந்து வந்த சொல். நன்றிக்கு மத்லோபா. ஆமாம் என்பதற்கு ஹோ. இந்த மூன்றும் ஏழு எழுத்தும்தான் என் கைமுதல். நாளை ககேத்தி மாகாணத்துக்குக் கிளம்புகிறேன். ஜார்ஜியத் திராட்சையில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது.

மூன்றாம் நாள், தெலாவி

ஓர்த்தச்சாலா பஸ் நிலையத்தில் மர்ஷ்ருத்கா ஏறினேன். நம் ஷேர் வேன் மாதிரிதான், ஆள் நிறைந்தால் கிளம்பும். பக்கத்தில் ஒரு பாட்டி. கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி, காலடியில் மூன்று பை. கோம்போரி மலைப்பாதை 1,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பாதி வழியில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாட்டி என் முகத்தைப் பார்த்தார். பையைத் திறந்து, அப்பளம் போல மெல்லிய, கருஞ்சிவப்பான ஒரு தகட்டைக் கிழித்து என் வாயருகே நீட்டினார். புளிப்புப் பிளம் பழத்தை வேகவைத்து அரைத்துத் துணியில் ஊற்றிக் காயவைப்பது. த்க்லாபி என்று பெயர். நாக்கில் பட்டதும் குமட்டல் நின்றது. குமுளி மலை ஏறும்போதெல்லாம் அம்மா என் கையில் எலுமிச்சம்பழம் வைத்து மோந்து பார்க்கச் சொல்வார். அந்த ஞாபகத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டி அதைக் குமட்டலின் மிச்சம் என்று நினைத்து இன்னொரு துண்டு கிழித்தார்.

"இந்தோயேத்தி?" என்றார். இந்தியாவுக்கு அவர்கள் பெயர். ஹோ என்றேன். "ராஜ் கபூர்!" என்று கையை நெஞ்சில் வைத்தார். சோவியத் காலத்தில் அவர் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அதற்குப் பிறகு மலை இறங்கும்வரை என் கையை அவர் விடவில்லை.

தெலாவியில் நான் பதிவு செய்திருந்த விடுதி பூட்டிக் கிடந்தது. போன் அணைத்து வைத்திருந்தது. பணம் முன்பே கட்டியாகிவிட்டது. ஒரு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் திரும்பி வந்தேன். பாட்டி அங்கேயே இருந்தார், பேரன் காருக்காகக் காத்துக்கொண்டு. நான் போனதையும் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறார். பேரன் வந்ததும் அவனிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பையன், திபிலிசியில் படிக்கிறான், ஆங்கிலம் நன்றாக வருகிறது. "பாட்டி உங்களை வீட்டுக்கு வரச் சொல்றாங்க. விருந்தாளி கடவுள் அனுப்பி வர்றவங்கன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. நான் சொன்னாலும் இனிமே அவங்க கேக்க மாட்டாங்க" என்றான்.

தனியாகக் கிளம்பும் பெண்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். உடனே சரி என்று ஏறவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். கார் எண்ணை ஷார்ஜா தோழிக்கு அனுப்பினேன். என் தயக்கம் அந்தத் தம்பிக்குப் புரிந்துவிட்டது. தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க அக்கா" என்கிற மாதிரி பணிவாகச் சொன்னான். பாட்டி அதுவரை காரில் ஏறாமல் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அதற்குப் பிறகுதான் ஏறினேன்.

வாடகை தருகிறேன் என்றேன். பாட்டி முகம் சுருங்கியது. சரி, அறுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். தம்பி மொழிபெயர்த்ததும் பாட்டி என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாழக்கிழமை அறுப்பாம். பார்ப்போம்.

நான்காம் நாள், கிராமம்

ஊர்ப் பெயரை எழுதவில்லை, அவர்கள் வீடு அது. அலசானிப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே காக்கசஸ் மலைத்தொடர் நெடுக நிற்கிறது. எங்கள் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பது போலவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை ஓரத்தில் இருக்கிறோம் என்று தெரிகிற ஊர்.

காலையில் பின்கட்டுக்கு வந்ததும் ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. தலைக்கு மேலே பந்தல். கொடி படர்ந்து, இலைக்கு நடுவே கொத்துகள் தொங்குகின்றன. இங்கே தோட்டங்களில் கம்பி கட்டி வரிசையாகத்தான் கொடி ஏற்றுகிறார்கள், பந்தல் கிடையாது என்று படித்திருந்தேன். வயலில் அப்படித்தான். ஆனால் வீட்டு முற்றத்தில் நிழலுக்கு இப்படி ஒரு பந்தல் போடுவார்களாம். தலவாரி என்று பெயர்.

பந்தல்காலைத் தொட்டேன். அடியிலிருந்து தோள் உயரம்வரை மரத்தில் நீலக் கறை. இலைகளிலும் நீலப் பூச்சு காய்ந்து கிடந்தது. எனக்குத் தெரியாத நீலமா அது? மயில்துத்தம். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கும் போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய்க்கு எங்கள் தோட்டத்தில் மழை முடிந்த மறுநாளே அடித்துவிடுவோம். அப்பாவின் வேட்டி, சட்டை, நகக்கண், சைக்கிள் கைப்பிடி எல்லாவற்றிலும் அந்த நீலம் இருக்கும். துவைத்தாலும் போகாது. கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட அவர் நகக்கண்ணில் அது இருந்தது.

பாட்டி பின்னால் வந்து நின்றார். நான் கறையைக் காட்டி "மயில்துத்தம்" என்றேன். அவர் "ஷபியமானி" என்றார். நான் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டி அடிப்பது மாதிரி செய்து காட்டினேன். அவர் மேலே பார்த்து, விரல்களால் மழை பெய்வது போலக் காட்டி, பிறகு இலையைச் சுருட்டிக் காட்டினார். மழை, பூஞ்சை, மருந்து. எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தம்பி எழுந்து வந்தபோது நாங்கள் இருவரும் ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதுவரை நான் வழியில் தவித்த ஒரு பெண். அந்த நிமிஷத்திலிருந்து திராட்சைக்காரி. ஊரில் யாரிடம் என்னைக் காட்டினாலும் பாட்டி முதலில் அதைத்தான் சொல்கிறார்.

இன்று புதன்கிழமை. பாட்டிக்கு விரதம். இங்கே பழைய கிறிஸ்தவ மரபில் புதனும் வெள்ளியும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. லோபியோ என்று சிவப்புப் பயறு வேகவைத்து மண் சட்டியில் வைத்தார். மூடியைத் திறந்ததும் வெந்தய வாசனை! தேடிப் பார்த்தால், நீல வெந்தயம் என்று ஒரு வகையைப் பொடித்துப் போடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் உத்ஸ்கோ சுனேலி, அன்னிய வாசனை என்று பொருள். அவர்களுக்கு அன்னியமான வாசனை எனக்கு அம்மாவின் அடுப்படி. கத்தரிக்காயில் அக்ரூட் விழுது தடவிச் சுருட்டியது, சோள ரொட்டி, நிறையக் கொத்தமல்லித் தழை. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். ஜார்ஜிய மொழியில் தேதா என்றால் அம்மா, மாமா என்றால் அப்பா. பக்கத்து வீட்டுப் பெரியவரை நான் வாய்தவறி "மாமா" என்று கூப்பிட, அவர் மனைவி உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெபோ என்றால் பாட்டி. ஆனால் பாட்டியே பேரனைப் "பெபோ" என்று கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா தன் மகளைத் "தேதா" என்கிறார். பெரியவர்கள் தங்கள் முறைப்பெயரையே பிள்ளைக்குச் சொல்லிக் கொஞ்சுவது இங்கே வழக்கமாம். வெளிநாட்டார் நிறையப் பேர் இதைக் கேட்டுக் குழம்புவார்கள் என்று தம்பி விளக்க வந்தான். எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா என்னை "வாம்மா" என்பார், அப்பா அண்ணனை "என்னப்பா" என்பார். அதைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு, பெபோ" என்றார்.

ஐந்தாம் நாள், அறுப்பு

ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். கூலி ஆட்கள் இல்லை, அக்கம்பக்கத்தார். இன்று நமக்கு, நாளை அவர்களுக்கு. பனி உலரும்வரை காப்பி குடித்துவிட்டு எட்டரைக்கு இறங்கினோம்.

இரண்டு ரகம். ர்க்காத்சித்தேலி வெள்ளைத் திராட்சை. அதன் பெயருக்கு அர்த்தமே சிவப்புத் தண்டு, பழுத்த கொடி அப்படித்தான் சிவந்திருக்கிறது. அதை ஒரு வாரம் முன்பே அறுத்துவிட்டார்கள். இன்றைக்கு சபெராவி. சபெராவி என்றால் சாயம். மற்றக் கறுப்புத் திராட்சையில் பெரும்பாலும் தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறி இருக்கும். நம் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். சபெராவியைப் பிட்டால் சதையும் சிவப்பு. பத்து நிமிஷத்தில் மணிக்கட்டுவரை கறை. ஜார்ஜியாவில் 500-க்கு மேல் திராட்சை ரகங்கள் இருக்கின்றன. பாட்டிக்கு அதில் எத்தனை தெரியும் என்று எண்ண ஆரம்பித்து முப்பதில் விட்டுவிட்டேன்.

கத்தரிக்கோல் கொடுத்தார்கள். நான் அறுக்க ஆரம்பித்ததும் பக்கத்து வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் என்று புரிய நேரமானது. எங்கள் பழம் சாப்பிட விற்கிற பழம். காம்பை மட்டும் பிடித்து, பழத்தின் மேலிருக்கும் வெண்படலம் கலையாமல் வெட்டி, சொத்தைப் பழத்தைக் கத்தரி நுனியால் நீக்கி, குழந்தையைக் கிடத்துவது போலப் பெட்டியில் வைக்க வேண்டும். விரல் பட்ட பழத்துக்கு விலை குறையும். அவர்கள் பிழிவதற்கு அறுக்கிறார்கள். கொத்தைப் பிடித்து வெட்டி வாளியில் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அவர்கள் நாலு வாளி நிரப்பியபோது எனக்கு ஒன்றுகூட நிரம்பவில்லை.

பாட்டி வந்து என் வாளியை எட்டிப் பார்த்தார். ஒரு கொத்தைக் காம்போடு தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். படலம் அப்படியே இருந்தது. சிரித்த பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு முற்றத்துப் பந்தலுக்கு வந்துவிட்டார். அங்கே தொங்குவதெல்லாம் சாப்பிடுகிற ரகம். அதைக் கவனமாக அறுத்து, கொத்துகளைக் கயிற்றில் சேர்த்துக் கட்டி, நிலவறையில் தொங்கவிட்டால் குளிர்காலம்வரை வருமாம். வருஷா வருஷம் பாட்டி தானே அறுப்பது. இப்போது தோள்பட்டை வலி, கையை மேலே தூக்க முடிவதில்லை.

எனக்குப் பந்தலில் கை தூக்கி அறுப்பது பழகிய வேலை. அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கழுத்து வலிக்கிற இடம்கூட அதே இடம். நான் வெட்டிக் கொடுக்க, பாட்டி கீழே உட்கார்ந்து கட்டினார். இடையிடையே அவர் ஜார்ஜியனில் பேசினார், நான் தமிழில் பேசினேன். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை.

மாலையில் அந்தப் பந்தலுக்குக் கீழேயே நீள மேசை போட்டார்கள். இந்த விருந்துக்கு சுப்ரா என்று பெயர். மேசைக்கு ஒரு தலைவர் உண்டு, தமாதா. நான் வாய்தவறி மாமா என்று கூப்பிட்ட பெரியவர்தான் இன்றைக்குத் தமாதா. அவர் எழுந்து ஒன்றைப் பற்றிப் பேசி முடிக்காமல் யாரும் குடிப்பதில்லை. முதலில் சமாதானத்துக்கு. பிறகு நாட்டுக்கு, பெற்றவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, விருந்தாளிக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு, முடிவில் எல்லோரும் "கௌமர்ஜோஸ்!" நான் குடிப்பதில்லை, வற்புறுத்துவார்களோ என்று காலையிலிருந்தே கலக்கம். தமாதா என் கோப்பையில் அன்று பிழிந்த சாற்றை ஊற்றச் சொன்னார், அவ்வளவுதான். அதைப் பற்றி மேசையில் ஒரு வார்த்தை இல்லை.

நடுநடுவே ஆண்கள் நாலு பேர் பாடினார்கள். மூன்று குரல் மூன்று வழியில் போகிறது. அடியில் ஒரு குரல் நம் சுருதிப்பெட்டி போல விடாமல் நிற்கிறது. இந்தக் கூட்டுப் பாட்டை 2001-இலேயே யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. மேடையில் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ. கைக்கெட்டும் தூரத்தில், சாயம் படிந்த விரல்களால் மேசையைப் பிடித்துக்கொண்டு பாடியவர்களிடம் கேட்டேன்.

பிறகு இறந்தவர்களுக்கு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரொட்டியின் மேல் இரண்டு சொட்டு ஒயின் விட்டார்கள். தமாதா பாட்டியின் கணவரைப் பற்றிப் பேசினார். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தபோது வாங்க ஆளில்லாமல் கொடியைப் பிடுங்கியவர்கள் உண்டாம். அவர் பிடுங்கவில்லை. 2012 ஜூலையில் ககேத்தியில் அடித்த ஆலங்கட்டி மழையில் கூரையும் போய்க் கொடியும் போனபோது, கூரையை விட்டுவிட்டு முதலில் கொடிக்குக் கட்டுப் போட்டவர். சொல்லி முடித்து, தமாதா என் பக்கம் திரும்பி "அலாவெர்தி" என்றார். பேச்சை அடுத்தவருக்குக் கைமாற்றும் சொல் அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் சொன்னேன். என் அப்பா பெயரைச் சொன்னேன். அவர் நகக்கண்ணில் இருந்த நீலத்தைச் சொன்னேன். விலை இறங்கி, அறுப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைக் கொடியிலேயே விட்ட வருஷம், அவர் தினமும் பந்தலுக்குக் கீழே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார், அதைச் சொன்னேன். நம் கொடிக்கெல்லாம் பாட்டி இங்கே இருக்கிறாள் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். யாருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. நான் முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை, கோப்பையைத் தொடவில்லை. பாட்டி தன் ரொட்டியைப் பிட்டு, எங்கள் அப்பாவுக்காக இன்னும் இரண்டு சொட்டு விட்டார்.

ஆறாம் நாள், அலாவெர்தி

முதுகு நிமிரவில்லை. பாட்டி தைலம் தேய்த்துவிட்டு, பேரனைக் கார் எடுக்கச் சொல்லி என்னை அலாவெர்தி கோயிலுக்கு அழைத்துப் போனார். பதினொன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். 50 மீட்டருக்கு மேல் உயரம், சமவெளியில் தனியாக நிற்கிறது. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பாவாடை கட்ட வேண்டும். பாட்டி தன் தலைத்துணி ஒன்றை எனக்குக் கட்டிவிட்டார்.

உள்ளே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்து, "கேத்தேவான். கோவா" என்றார். முதலில் புரியவில்லை. தம்பி சொன்னான். கேத்தேவான் இந்த ககேத்தி நாட்டு ராணி. மதம் மாற மறுத்ததால் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் உத்தரவில் 1624-இல் ஷிராஸில் கொடுமைப்படுத்திக் கொல்லப்பட்டவர். அங்கிருந்த போர்ச்சுகீசியத் துறவிகள் அவர் எலும்புகளை எடுத்துப் போனார்கள். ஒரு பகுதி இங்கே வந்து அலாவெர்தியில் அடக்கமானது. இன்னொரு பகுதி கோவாவில் துறவிகளின் மடத்துக்குப் போனது. அந்த மடம் இடிந்து போய், நம் தொல்லியல் துறை அங்கே தோண்டி எடுத்த எலும்பை ஹைதராபாத் விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை செய்து, அவருடையதாக இருக்கலாம் என்றார்கள். 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நேரில் வந்து அதில் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்குக் கொடுத்தார். அந்த நாள் பாட்டி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதாராம்.

சொல்லி முடித்ததும் பாட்டி குனிந்து என் கையில் முத்தமிட்டார். நான் கோவாவுக்குப் போனதுகூடக் கிடையாது. அந்த முத்தத்தை வாங்க எனக்கு என்ன தகுதி என்று தம்பியிடம் கேட்டேன், அவன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். "நன்றி சொல்ல அவங்களுக்கு வேற இந்தியர் கிடைக்கல. வாங்கிக்கோங்க."

இரவு பன்னிரண்டு மணிக்குத் தம்பி மரானிக்குப் போனான். மரானி என்றால் ஒயின் வைக்கும் நிலவறைக் கூடம். க்வேவ்ரி என்ற பெரிய மண் குதிர்களைக் கழுத்துவரை பூமியில் புதைத்திருக்கிறார்கள், வாய் மட்டும் தரைமட்டத்தில் தெரிகிறது. பழத்தைத் தோல், விதை, காம்போடு அதில் கொட்டிவிடுவது ககேத்தி வழக்கம். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. புளிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து கட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ராத்திரியிலும், நீளக் கம்பால் அதை உள்ளே அமுக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக் கொஞ்சம் காத்திருந்துதான் உள்ளே போனோம். புளிப்பில் கிளம்பும் வாயு தரையோடு தங்கி ஆளையே சாய்த்துவிடும்.

"காது வைங்க" என்றான். முட்டி போட்டுக் குனிந்தேன். ஒரு வாரம் முன்பு கொட்டிய வெள்ளைத் திராட்சை. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, தூரத்தில் பெரிய பானையில் உலை கொதிக்கிற மாதிரி, தரைக்குக் கீழே இருந்து ஒரு சளசளப்பு. நடுவே ஒரு குமிழ் மெதுவாக ஏறி வந்து உடைகிறது. கன்னத்தில் வெதுவெதுப்பு. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

ஏழாம் நாள்

அக்ரூட் பருப்பை ஊசிநூலில் கோர்த்து, கொதிக்கும் திராட்சைச் சாற்றில் மாவு கரைத்த கூழில் முக்கித் தொங்கவிடுவது சுர்ச்கேலா. கோர்க்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து பூக் கோர்த்த கை. பாட்டி என் வேகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

எங்கள் தோட்டத்தில் எத்தனை அறுப்பு என்று கேட்டார். கவாத்து பண்ணும் கணக்கைப் பொறுத்து இரண்டு வருஷத்துக்கு ஐந்து அறுப்பு வரை எடுப்போம் என்றேன். அவர் நம்பவில்லை. தம்பி இரண்டு தடவை கேட்டுச் சொன்னான். இங்கே வருஷத்துக்கு ஒன்றுதான். இலையுதிர்ந்து, பனியில் கொடி உறங்கி, வசந்தத்தில் விழிக்கும்.

"அப்போ உங்க கொடி எப்ப தூங்கும்?" என்றார் பாட்டி.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் ஊரில் குளிர் கிடையாது, கொடி தூங்குவதே இல்லை, நாங்கள் வெட்டி வெட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறோம். இப்படி நான் யோசித்ததே இல்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு கவாத்துக்கு முன்னால் கொடிக்குச் சில வாரம் ஓய்வு விடுவார். ஆட்கள் அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டார். அதைச் சொன்னேன். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நல்ல மனுஷன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பெயரை எழுதித் தரச் சொன்னார். ரொட்டிக் கடை அம்மா சொல்லிக் கொடுத்த எழுத்துகளோடு தம்பியிடம் மீதியைக் கேட்டு, கம்பம் என்று ஜார்ஜிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் மொழியில் பெயர்ச்சொல் மெய்யில் முடிந்தால் இகரம் சேர்த்துத்தான் சொல்வார்கள். பாட்டி படித்துப் பார்த்து, "கம்பமி" என்றார். நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டாம் நாள், திரும்புகிறேன்

ஈரம் காயாத சுர்ச்கேலா ஆறு, ஒரு பொட்டலம் அன்னிய வாசனை, வழிக்கு த்க்லாபி. நான் கழுத்தில் போட்டிருந்த பருத்தித் துப்பட்டாவைப் பாட்டிக்குக் கட்டிவிட்டேன். கறுப்புதான் உடுத்துவார், வண்ணத்தில் கட்டலாமா என்று தயங்கினேன். அவர் தலைத்துணிக்கு அடியில் அதை மடித்து வைத்துக்கொண்டார். வசந்தத்தில் க்வேவ்ரி திறக்கும்போது வரச் சொன்னார். விடுப்பு கிடைக்குமா தெரியாது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மர்ஷ்ருத்கா நிற்கும் இடம்வரை வந்தார். நான் ஏறிய பிறகு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண்ணிடம் ஜன்னல் வழியாக வெகு நேரம் ஏதோ சொன்னார். இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் ஹோ, ஹோ என்று தலையாட்டினார். வண்டி நகர்ந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

கோம்போரி வளைவுகள் வந்தன. பக்கத்துப் பெண் என் மடியில் இருந்த கனமான பையைக் கேட்காமலே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்து ஒரு எலுமிச்சை மிட்டாயைப் பிரித்து நீட்டினார்.

"கம்பமி?" என்று கேட்டார்.

"ஹோ," என்றேன். "கம்பமி."